அக்ராவில் முதல் கிறிஸ்துமஸ்: டிசம்பர் 20-க்குள் முடிக்க வேண்டியவையும் அதற்குப் பிறகும்

கானாவின் தலைநகர் அக்ராவிலோ, அதை ஒட்டிய துறைமுக நகரமான தேமாவிலோ வேலைக்குச் சேர்ந்து, இந்த டிசம்பரில் ஊருக்குப் போக விடுப்புக் கிடைக்காதவர்களுக்கும், குடும்பத்தை இங்கே வரவழைத்துப் பண்டிகை கொண்டாட நினைப்பவர்களுக்கும் இது. ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும்: காசு கொடுத்து முடிக்கும் வேலை எதுவானாலும் டிசம்பர் 20-க்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் சாலை நகராது, ஏடிஎம்மில் பணம் நிற்காது, தையல்காரர் போனை எடுக்க மாட்டார். 25-ஆம் தேதி கடைத்தெரு அடங்கிவிடும். அன்று பண்டிகை நடப்பது ஆலயத்திலும் வீட்டு முற்றத்திலும்தான்.

1. மஞ்சள் காய்ச்சல் ஊசி: வருபவர் அனைவருக்கும்

மஞ்சள் காமாலையோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இது கொசுவால் பரவும் வேறு நோய். ஒன்பது மாதம் நிறைந்த குழந்தை முதல் எல்லோருக்கும் தடுப்பூசிச் சான்று இருந்தால்தான் கானாவுக்குள் விடுவார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்தே சான்று செல்லும். அதனால் டிசம்பர் 18 பயணம் என்றால் டிசம்பர் 8-க்குள் ஊசி முடிந்திருக்க வேண்டும்.

சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். அரசு அங்கீகாரம் பெற்ற மையத்தில் போட்ட ஊசிக்குத்தான் மதிப்பு. தெருமுனைக் கிளினிக்கில் வாங்கிய தாள் விமான நிலையத்தில் உதவாது. மையங்கள் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே போடும், முன்பதிவும் வேண்டும், மருந்து தீர்ந்துபோவதும் உண்டு. நவம்பர் முதல் வாரத்திலேயே தேதி வாங்கிவிடுங்கள். அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். அதன் எண்ணைத்தான் சான்று அட்டையில் எழுதுவார்கள். எழுதியதும் அங்கேயே நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள்.

ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். 2016-லிருந்து இந்த விதி. "பத்து வருடம் ஆகிவிட்டது, மறுபடி போட வேண்டும்" என்று யாராவது சொன்னால் அது பழைய கதை.

இது உயிருள்ள கிருமியை வலுக்குறைத்துச் செய்த மருந்து. 60 வயதைத் தாண்டிய அம்மா அப்பாவை அழைப்பதாக இருந்தால், கர்ப்பிணி என்றால், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர் என்றால், முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். போடக்கூடாது என்று அவர் சொன்னால் விலக்குச் சான்று வாங்க வேண்டும். பெரியவர்கள் விஷயத்தில் இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைப்பதுதான் பயணமே ரத்தாகக் காரணமாகிறது.

திரும்பும்போதும் அட்டை வேண்டும். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் கானாவை இந்தியா வைத்திருக்கிறது. அட்டை இல்லாமல் இந்திய விமான நிலையத்தில் இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. பெட்டியில் போடாமல் பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.

2. விசாவும் முத்திரையும்

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம். டெல்லியிலுள்ள கானா தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். குடும்பத்தை அழைப்பவர் தன் கையொப்பமிட்ட அழைப்புக் கடிதம், தன் குடியிருப்பு அனுமதியின் நகல், பாஸ்போர்ட் நகல் ஆகியவற்றை அனுப்பிவைக்க வேண்டும். வருபவர் பக்கத்தில் திரும்பும் பயணச்சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், புகைப்படம், மஞ்சள் காய்ச்சல் அட்டை. அட்டை இல்லாமல் விசா விண்ணப்பமே நகராது. ஆக, ஊசிதான் முதல் படி.

சில டிசம்பர்களில் வந்திறங்கியபின் விசா தரும் சலுகையைக் கானா அரசு அறிவித்திருக்கிறது. அது அந்தந்தப் பருவத்துக்கான அறிவிப்பு. சென்ற ஆண்டு கிடைத்தது என்று நம்பி இந்த ஆண்டு டிக்கெட் போடாதீர்கள். அரசு அறிவித்திருந்தாலும், செக்-இன் மேசையில் இருப்பவருக்கு அது தெரியாவிட்டால் உங்களை ஏற்ற மறுப்பார். அறிவிப்பை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தவர்கள் முன்கூட்டியே விசா வாங்குவதே நல்லது.

அடுத்த பொறி அக்ரா விமான நிலையத்திலேயே இருக்கிறது. விசாவில் எத்தனை மாதம் போட்டிருந்தாலும், எத்தனை நாள் தங்கலாம் என்பதைக் குடியேற்ற அதிகாரி அடிக்கும் முத்திரைதான் முடிவு செய்கிறது. மூன்று மாத விசாவில் 30 நாளோ 60 நாளோ எழுதிவிடுவார்கள். மேசையை விட்டு நகரும் முன் படித்துப் பாருங்கள். குறைவாக இருந்தால் திரும்பும் டிக்கெட்டைக் காட்டி அங்கேயே பணிவாகக் கேளுங்கள். நீட்டிக்க வேண்டியிருந்தால் குடியேற்றத் துறை அலுவலகத்தில் டிசம்பர் 15-க்குள் கொடுத்துவிடுங்கள். 25, 26, ஜனவரி 1 அரசு விடுமுறை. அதற்கு இடைப்பட்ட நாட்களில் அலுவலகம் திறந்திருக்கும், கையெழுத்துப் போடுபவர்தான் இருக்க மாட்டார். நாள் கடந்து தங்கினால் அபராதம்.

3. டிக்கெட்டும் பெட்டியும்

சென்னையிலிருந்து நேர் விமானம் இல்லை. துபாய், தோஹா, அடிஸ் அபாபா வழியாக வரலாம். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருக்கும் கானாக்காரர்கள் டிசம்பர் நடுவில் ஊர் திரும்பி, ஜனவரி முதல் இரண்டு வாரத்தில் கிளம்புகிறார்கள். 'டெட்டி டிசம்பர்' என்று இந்தக் கூத்துக்குப் பெயர். விடுதி வாடகை, வாடகைக் கார், கச்சேரி டிக்கெட் எல்லாம் அவர்களின் டாலர் கணக்கில் ஏறும். குடும்பத்தை டிசம்பர் 10-க்கு முன் வரவைத்து, ஜனவரி 15-க்குப் பின் அனுப்பினால் டிக்கெட்டில் மிச்சம் பிடிக்கலாம்.

ஆப்பிரிக்க வழித்தடங்களில் பெரும்பாலும் ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி கிடைக்கும். உங்கள் டிக்கெட்டில் உள்ளதைப் பார்த்துக்கொள்ளுங்கள். எதை எடுத்து வருவது என்பது சமையல் பகுதியில் இருக்கிறது. இங்கே சொல்ல வேண்டியது இரண்டுதான். ஒன்று, கானாவில் தட்டையான மூன்று முள் கொண்ட இங்கிலாந்துச் செருகியைத்தான் புது வீடுகளில் பார்ப்பீர்கள். நம் உருண்டை முள் எல்லா இடத்திலும் நுழையாது, அடாப்டர் நாலு வேண்டும். மின்னழுத்தம் நம் ஊரைப்போல 230 வோல்ட், அதனால் மிக்ஸியும் குக்கரும் தாராளமாக ஓடும். இரண்டு, நம் ஊர்க் காகித நட்சத்திரம் வாசலில் தொங்க வேண்டுமென்றால் மடித்துப் பெட்டியின் அடியில் வையுங்கள். எடையே இல்லாத பொருள், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அது இல்லாமல் பண்டிகை தொடங்காது.

4. பணம், சிம், மோமோ

கானா நாணயத்தின் பெயர் 'செடி', நூறு பெசேவா ஒரு செடி. அதன் மதிப்பு ஊஞ்சல் ஆடும். 2025 தொடக்கத்தில் டாலருக்கு 15 செடியை ஒட்டி இருந்தது, அதே ஆண்டு நடுவில் 10-க்கு வந்தது. மொத்த டாலரையும் ஒரே நாளில் மாற்றாமல் வாரத் தேவைக்கு மாற்றுங்கள். உரிமம் பெற்ற மாற்றகத்தில் பாஸ்போர்ட் காட்டி, ரசீதோடு வாங்குங்கள். மடிப்பில்லாத புது நூறு டாலர் தாளுக்கு ஒரு விலை, கசங்கிய பழைய தாளுக்கும் சில்லறை டாலருக்கும் குறைந்த விலை. தெருவில் கூப்பிட்டு நல்ல விலை சொல்பவரிடம் எண்ணி வாங்கிய கட்டு வீட்டுக்கு வந்ததும் மெலிந்திருக்கும்.

இந்திய வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஊரிலேயே திறந்துவைத்துவிட்டு வாருங்கள். ஓடிபி வருவதற்கு இந்திய சிம்மில் ரோமிங் உயிரோடு இருக்க வேண்டும். ரூபே மட்டும் உள்ள அட்டையை நம்ப வேண்டாம். விசா, மாஸ்டர்கார்டு இருக்கட்டும்.

கானாவின் அன்றாடம் மொபைல் மணியில் ஓடுகிறது. எல்லோரும் 'மோமோ' என்பார்கள். வாழைக்காய் சுட்டு விற்கும் அம்மா முதல் ஆலயக் காணிக்கை வரை மோமோதான். எம்டிஎன், டெலிசெல் போன்ற தொலைபேசி நிறுவனங்கள் இதை நடத்துகின்றன. எம்டிஎன் மோமோதான் எங்கும் செல்லும். அசல் பாஸ்போர்ட்டோடு நிறுவனத்தின் சொந்தக் கிளைக்குப் போய் சிம் வாங்குங்கள். இங்கே குடியிருந்து வேலை பார்ப்பவரிடம் வெளிநாட்டவருக்கான 'கானா கார்டு' என்ற அடையாள அட்டையைக் கேட்பார்கள். பிறர் பெயரில் பதிந்து தெருவில் விற்கும் சிம்மை வாங்கினால், ஒருநாள் அது செத்துவிடும், உள்ளே உள்ள பணத்தைக் கேட்கவும் வழியிராது.

டிசம்பரில் மோமோ மோசடி பெருகும். வழக்கமான சூழ்ச்சி இது: ஒரு குறுஞ்செய்தி, பணம் வந்தது போல. உடனே ஒரு அழைப்பு: "தவறி உங்களுக்கு அனுப்பிவிட்டேன், குழந்தைக்கு மருந்து வாங்க வைத்த பணம், திருப்பி அனுப்புங்கள்." செய்தி போலி. அழைப்பைத் துண்டித்து *170# அடித்து இருப்பைப் பாருங்கள். உண்மையிலேயே பணம் வந்திருந்தாலும் நீங்களாகத் திருப்ப வேண்டாம், நிறுவனத்திடம் சொல்லட்டும். ரகசிய 'பின்' (PIN) எண்ணை யாருக்கும் சொல்லக்கூடாது என்பதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

மோமோவில் அனுப்பும் பணத்துக்கு இருந்த 'இ-லெவி' வரி 2025 ஏப்ரலில் நீக்கப்பட்டுவிட்டது. அந்த வரியைச் சொல்லி யாராவது கூடுதலாகப் பிடித்தால் கொடுக்காதீர்கள். முகவரின் சேவைக் கட்டணம் வேறு. பணமாக எடுக்கும்போது அது உண்டு.

24 முதல் 26 வரை ஏடிஎம்கள் காலியாவது வழக்கம். 20-க்குள் பணத்தை எடுத்து, 5, 10, 20 செடித் தாள்களாக மாற்றி வையுங்கள். ஏன் சில்லறை என்பது 8-ஆம் பகுதியில் தெரியும்.

5. வீட்டில்: கரண்ட், கேஸ், தண்ணீர்

மின்மீட்டர் பெரும்பாலும் முன்பணம் கட்டும் வகை. மீட்டரில் காசு தீர்ந்தால் விளக்கு அணையும், அது 25 காலை ஏழு மணியானாலும் சரி. 20-ஆம் தேதியே பத்து நாளுக்கு உரியதை ஏற்றிவிடுங்கள். அதைத் தாண்டியும் மின்வெட்டு வரும், 'டும்சோர்' என்பார்கள். சார்ஜ் விளக்கு ஒன்றும் பவர் பேங்க் ஒன்றும் வேண்டும். பிரிட்ஜை இறைச்சியால் நிரப்பிவிட்டு மின்சாரத்தை நம்பியிருக்கக் கூடாது.

கேஸ் சிலிண்டர் நம் ஊர் மாதிரி வீடு தேடி வராது. காலி சிலிண்டரை நீங்களே நிரப்பு நிலையத்துக்குத் தூக்கிப் போய், கிலோ கணக்கில் நிரப்பி வர வேண்டும். பண்டிகைக்கு முந்தைய வாரம் வரிசை சாலை வரை நிற்கும். டாக்சிக்காரர் ஏற்ற மறுக்கலாம், முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

குழாய்த் தண்ணீர் தினமும் வராது. கூரையில் இருக்கும் கறுப்புத் தொட்டிக்கு இங்கே 'பாலிடேங்க்' என்று பெயர். அது நிரம்பியிருக்கிறதா என்று காவலாளியிடம் கேட்டுவையுங்கள். குடிக்க அரை லிட்டர் பாக்கெட் நீர், முப்பது பாக்கெட் கொண்ட மூட்டையாக விற்கும். விருந்தினர் வருவதாக இருந்தால் நாலு மூட்டை வாங்கிப் போடுங்கள்.

டிசம்பரில் சகாராவிலிருந்து ஹர்மட்டான் காற்று வீசும். வானம் சாம்பல் நிறமாகி, துவைத்த துணி, தட்டு, திரைச்சீலை எல்லாவற்றிலும் மெல்லிய தூசி படியும். உதடும் குதிகாலும் வெடிக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரை இரட்டிப்பாக எடுத்துவாருங்கள். மற்றவர்களுக்குத் தேங்காய் எண்ணெயே போதும். கடைகளில் ஷியா வெண்ணெய் டப்பா டப்பாவாகக் கிடைக்கும், அதுவும் நல்லது.

6. துணி தைப்பது

கிறிஸ்துமஸுக்கு இங்கேயும் புதுத்துணி உண்டு, அதுவும் தைத்துப் போடுவது. மக்கோலா சந்தையில் அச்சுத் துணி கெஜக் கணக்கில் விற்கும். ஆண்கள் சட்டைக்கு இரண்டிலிருந்து இரண்டரை கெஜம், பெண்களுக்கு முழு உடை என்றால் ஆறு கெஜம் வாங்கினால் கவலையில்லை. ஜிடிபி, ஏடிஎல், உடின் போன்ற துணி நிறுவனப் பெயர்களுக்கு அசலும் உண்டு, அதே வடிவில் மலிவு நகலும் உண்டு. நகல் முதல் சலவையில் சாயம் விடும். துணியின் ஓரக்கரையில் உள்ள பெயரைப் படியுங்கள், எழுத்துப்பிழை இருந்தால் விலை பாதியாக இருக்க வேண்டும்.

தையல்காரரிடம் நவம்பர் நடுவிலேயே கொடுங்கள். "20-ஆம் தேதி ரெடி" என்றால் 24 இரவு என்று பொருள். தேவைப்படும் தேதியைப் பத்து நாள் முன்தள்ளிச் சொல்லுங்கள். கூலியில் பாதியை வாங்கும்போது கொடுங்கள்.

நிறம் முக்கியம். வெள்ளை மகிழ்ச்சிக்கு உரியது. ஆலயத்துக்கும் ஆண்டு முடிவு ஆராதனைக்கும் வெள்ளை அல்லது வெள்ளையில் நீலம் போட்டது பொருந்தும். கறுப்பும் சிவப்பும் சாவு வீட்டு நிறங்கள். நம் ஊரில் கிறிஸ்துமஸ் என்றால் சிவப்புச் சேலை எடுப்போம். பண்டிகை என்பதால் தனிச் சிவப்பை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், ஆனால் கறுப்போடு சிவப்பைச் சேர்த்து உடுத்தி ஆலயத்துக்குப் போக வேண்டாம்.

7. சமையல்: எது கிடைக்கும், எது கிடைக்காது

இங்கே கிடைப்பவை: தேங்காய், இஞ்சி, பூண்டு, வெங்காயம், தக்காளி, நிலக்கடலை எண்ணெய், முந்திரி, வாழைக்காய், மரவள்ளி, மீன். கடலை மிட்டாய் கூட 'ன்காத்தே கேக்' என்ற பெயரில் தெருவில் கிடைக்கும்; நம் ஊர்க் கடலை மிட்டாயேதான். பருப்பு வகை, பாசுமதி, மசாலா ஆகியவை பெரிய சூப்பர் மார்க்கெட்டிலும் இந்தியக் கடைகளிலும் இருக்கும், விலை ஊரைவிட மிகக் கூடுதல். கறிவேப்பிலையும் வெல்லமும் சில வாரம் இருக்கும், சில வாரம் இராது.

ஊரிலிருந்து எடுத்து வர வேண்டியவை: அச்சு முறுக்கு அச்சு, வறுத்த பச்சரிசி மாவு 2 கிலோ, முந்திரிக்கொத்துக்கு வறுத்து உடைத்த பாசிப்பயறு, வெல்லம், ஏலக்காய், காய்ந்த கறிவேப்பிலை, புளி, பிரியாணி மசாலா. இறைச்சி, கருவாடு, பச்சை இலை, விதை போன்றவற்றைத் தவிருங்கள்.

மாவை இங்கேயே அரைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். தெருவுக்குத் தெரு 'நிக்கா நிக்கா' என்ற அரவை ஆலை இருக்கிறது. அதே கல்லில் புளித்த சோளம், மிளகாய், மரவள்ளி எல்லாம் அரைபடும். உங்கள் அச்சு முறுக்கில் புளித்த வாடை வரும்.

கோழி வாங்குவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பண்டிகை நெருங்கும்போது முட்டையிட்டு ஓய்ந்த கோழிகளைப் பண்ணைக்காரர்கள் உயிரோடு விற்பார்கள். பார்க்கப் பெரிதாகவும் மலிவாகவும் இருக்கும், ஆனால் கறி கட்டை. கானாக்காரர்கள் அதைச் சூப்பில் நெடுநேரம் வேகவைக்கிறார்கள், அதற்குப் பொருத்தமானதுதான். பிரியாணிக்கு எடுத்தால் குக்கரில் அரை மணி நேரமாவது தனியாக வேகவைத்த பிறகே அரிசியோடு சேர்க்க வேண்டும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் "பிராய்லர்" என்று கேட்டு வாங்குங்கள். 'கோல்ட் ஸ்டோர்' எனப்படும் கடைகளில் இறக்குமதியான உறைகோழி கிடைக்கும். பனி படிந்து கட்டியாக ஒட்டியிருந்தால் ஒருமுறை உருகி மறுபடி உறைந்தது, தொடாதீர்கள்.

ஆட்டிறைச்சியைத் தோலுரிப்பதில்லை, முடியைத் தீயில் பொசுக்கித் தோலோடு வெட்டுவார்கள். நம் குழம்பில் புகை வாடை தூக்கலாக இருக்கும். பொசுக்கப் பழைய டயரை எரிக்கும் இடங்களும் உண்டு, அந்த இறைச்சியை வாங்கவே கூடாது. நீமா, மதீனா பகுதி இறைச்சிக்காரரிடம் முந்தைய நாளே சொல்லிவைத்து, தோலில்லாமல், சிறு துண்டாகக் கேட்டால் செய்துதருவார். கூலி தனி.

மிளகாய் விஷயத்தில் கை கவனம். 'க்பாக்போ ஷிட்டோ' என்ற உருண்டைப் பச்சை மிளகாய் மணத்தில் பிரமாதம், காரத்தில் பேய். ஊரில் நாலு போடும் இடத்தில் ஒன்றில் தொடங்குங்கள்.

'பெர்ஃப்யூம்டு ரைஸ்' என்று விற்பது தாய்லாந்து, வியட்நாம் மல்லிகை அரிசி. பாசுமதிக்கு வைக்கும் தண்ணீரை வைத்தால் பொங்கலாகிவிடும். ஒன்றுக்கு ஒன்றேகால் போதும்.

கேக் செய்ய அடுப்பு இல்லாதவர்கள் வீட்டில் செய்து தருபவர்களிடம் 15-க்குள் சொல்லிவிடுங்கள். ரம்மில் பழம் ஊறப்போடும் நம் வழக்கத்தைச் சொல்லி, ஊறவைத்த பழத்தை நீங்களே கொண்டுபோய்க் கொடுப்பது உத்தமம்.

8. ஆலயம்

கத்தோலிக்கர்களுக்கு அடப்ராக்காவில் தூய ஆவியார் பேராலயம், அதிபர் மாளிகையான ஜூபிலி ஹவுஸ் பக்கம் கிறிஸ்து அரசர் ஆலயம். சிஎஸ்ஐ-யிலிருந்து வருபவர்களுக்கு அக்ரா ரிட்ஜ் சர்ச் எளிதில் பழகும். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன் மூன்றும் சேர்ந்து நடத்துவது. ஹை ஸ்ட்ரீட்டில் ஆங்கிலிக்கன் பேராலயமான ஹோலி டிரினிட்டி இருக்கிறது. பெந்தெகொஸ்தே சபையார் சர்ச் ஆஃப் பெந்தெகொஸ்தின் ஆங்கிலச் சபைகளைத் தேடுங்கள். 'பிஐடபிள்யூசி' என்று கேட்டால் காட்டுவார்கள்.

ஒரே ஆலயத்தில் ட்வி, கா, எவே, ஆங்கிலம் என்று மொழிக்கு ஒன்றாகத் தனித்தனி ஆராதனை இருக்கும். 24 இரவுத் திருப்பலி எல்லா இடத்திலும் நள்ளிரவில் நடக்காது. முன்னிரவிலேயே முடித்துவிடும் பங்குகள் உண்டு. நாலாம் அட்வெந்து ஞாயிறன்று நேரில் போய் அறிவிப்புப் பலகையில் நேரத்தையும் மொழியையும் பாருங்கள்.

இரண்டு மூன்று மணி நேரம் ஆகும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். காணிக்கைக்குத் தட்டு உங்களிடம் வராது. வரிசையாக, பாட்டுக்கு ஆடிக்கொண்டே, கைக்குட்டையை வீசியபடி நீங்கள் முன்னே போக வேண்டும். ஒருமுறையோடு முடியாது. பல ஆலயங்களில் பிறந்த கிழமைவாரியாக ஒரு காணிக்கை உண்டு: எந்தக் கிழமைக்காரர்கள் அதிகம் போட்டார்கள் என்று அறிவித்துக் கைதட்டுவார்கள். உங்கள் கிழமையை முன்பே பார்த்துவையுங்கள். வரிசையில் நின்று போனில் தேட முடியாது. ஞாயிறு க்வாசி, அக்கோசுவா. திங்கள் கோஜோ, அஜுவா. செவ்வாய் க்வாபெனா, அபெனா. புதன் க்வாக்கு, அக்குவா. வியாழன் யா(வ்), யா. வெள்ளி கோஃபி, அஃபுவா. சனி க்வாமே, ஆமா. முதலில் உள்ளது ஆண், அடுத்தது பெண். உங்கள் கிழமைப் பெயரைச் சொன்னால் பக்கத்து இருக்கைக்காரர் அன்றே நண்பர். நாலு சுற்றுக்கு நாலு சிறு தாள், அதற்குத்தான் சில்லறை.

வாழ்த்து: "அஃபிஷியா பா" என்று சொல்வார்கள். பதில், "அஃபே ன்கோ ம்மெத்தோ யென்". பதில் சொல்லத் தடுமாறினாலும் முயன்றாலே போதும்.

ஊரில் நள்ளிரவுப் பூசை தொடங்கும்போது இங்கே 24 மாலை 6:30. அக்ரா ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. வீட்டாரோடு காணொளியில் பேச அதுவே நல்ல நேரம். அந்த நேரத்துக்குச் சாலையில் மாட்டிக்கொள்ளாதபடி நான்கு மணிக்கே வீடு சேருங்கள்.

9. 'என் கிறிஸ்துமஸ் எங்கே?'

டிசம்பர் முழுக்க இந்தக் கேள்வியைக் கேட்பீர்கள். காவலாளி, பெட்ரோல் போடுபவர், அலுவலக உதவியாளர், சில வேளை சாலைத் தடுப்பில் நிற்கும் போலீஸ்காரர் வரை. இதில் மிரட்டல் ஏதுமில்லை, சிரித்துக்கொண்டே மறுக்கலாம். ஆனால் உங்கள் வீட்டிலும் கட்டடத்திலும் வேலை செய்பவர்களுக்குக் கொடுக்காமல் இருக்கக் கூடாது. வழக்கமான அன்பளிப்பு ஐந்து கிலோ அரிசி, ஒரு கேன் எண்ணெய், டின் தக்காளி, ஒரு உறைகோழி. 20-க்குள் கொடுத்தால்தான் அவர்கள் தங்கள் ஊருக்கு எடுத்துப்போக முடியும். 24 இரவு கொடுக்கும் அரிசி மூட்டையால் அவர்களுக்குத் தொல்லைதான்.

எதையும் இடக்கையால் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. இதை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

போலீஸ் தடுப்பில் காரின் உள்விளக்கைப் போட்டு, கண்ணாடியை இறக்கி, வணக்கம் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், விசா, முத்திரைப் பக்கம் நகல் எடுத்துக் கையில் வையுங்கள். தாள் சரியாக இருந்தால் காசு கொடுக்கத் தேவையில்லை.

10. விருந்துக்குக் கூப்பிட்டால்

போங்கள். உடன் வேலை செய்பவர் கூப்பிடுவது ஒப்புக்கு அல்ல. 12 மணி என்றால் சாப்பாடு 2 மணிக்கு மேல். கையில் மால்ட் பானம் ஒரு அட்டைப்பெட்டி, பிஸ்கட் டின், அல்லது நீங்கள் செய்த முறுக்கு. உள்ளே நுழைந்ததும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக ஒவ்வொருவராகக் கைகொடுத்து வாருங்கள். நடுவில் தெரிந்தவரிடம் தாவக்கூடாது.

தக்காளியில் வேகவைத்த ஜொலோஃப் சாதம், ஃபூஃபூவும் (மரவள்ளியும் வாழைக்காயும் இடித்த களி) சூப்பும், பாங்குவும் (புளித்த சோள மாவுக் களி) சுட்ட திலாப்பியா மீனும் வரும். ஃபூஃபூவை மெல்லக்கூடாது, வலக்கையால் கிள்ளிச் சூப்பில் தோய்த்து விழுங்க வேண்டும். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் 'வெலே' என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்: மாட்டுத் தோல், பயறு சேர்த்து வேகவைத்த வாச்சே சாதத்தோடு வரும். சைவம் என்று சொன்னால் இறைச்சியை எடுத்துவிட்டு மீன் வைப்பார்கள். ஷிட்டோ என்ற கறுப்பு மிளகாய்த் தொக்கில் மீனும் இறாலும் உண்டு. பொரித்த வாழைப்பழமான கெலெவெலே, சுட்ட வாழைக்காய், வறுத்த கடலை பாதுகாப்பு. குடிக்க செம்பருத்தி இனப் பூவில் செய்த சோபோலோ.

11. உடம்பு சரியில்லை என்றால்

மழை இல்லாத மாதமானாலும் மலேரியா உண்டு. புதிதாக வந்தவருக்குக் காய்ச்சல் அடித்தால் அன்றே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். விருந்துக் களைப்பு என்று இரண்டு நாள் தள்ளுவதுதான் ஆபத்து. மருந்துக் கடையிலேயே விரைவுச் சோதனை செய்வார்கள். தனியார் மருத்துவமனையில் முன்பணம் கேட்பார்கள், மோமோவில் ஒரு தொகை அசையாமல் இருக்கட்டும். அவசர எண் 112. ஆம்புலன்ஸ் 193, போலீஸ் 191, தீயணைப்பு 192. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையை ஜனவரி 10 வரைக்கும் சேர்த்து வாங்கிவையுங்கள். ஊருக்குத் திரும்பி இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தாலும் "மேற்கு ஆப்பிரிக்கா போயிருந்தேன்" என்று மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

12. 24-லிருந்து 31 வரை நகர்வது

24 மாலை ஊபர், போல்ட், யாங்கோ ஆகிய டாக்சிச் செயலிகள் மூன்றிலும் விலை ஏறும். ஓட்டுநர் போனில் எங்கே போகிறீர்கள், மோமோவா காசா என்று கேட்டுப் பிடிக்கவில்லை என்றால் ரத்து செய்வார். தெரிந்த ஓட்டுநர் ஒருவரை 24 இரவு, 25 காலை இரண்டுக்கும் முன்பே பேசிவையுங்கள். போக வரச் சேர்த்து விலை முடியுங்கள். 25 காலை 'ட்ரோட்ரோ' எனப்படும் பயணிகள் வேன்கள் குறைவு, ஆனால் சாலை காலி. தேமாவிலிருந்து அக்ராவுக்கு வர வருடத்தின் நல்ல நாள் அதுவே.

26 அன்று ஊரே லபாடி கடற்கரைக்கு வரும். நுழைவுக் கட்டணம் உண்டு. நீச்சல் தெரிந்தவரையும் உள்ளிழுக்கும் நீரோட்டம் அங்கே உண்டு, முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள். கூட்டத்தில் போனைப் பின்பையில் வைப்பது அதைத் தானம் செய்வதற்குச் சமம். அமைதி வேண்டுவோர் மலைமேல் இருக்கும் அபூரி தாவரவியல் தோட்டத்துக்குப் போகலாம். கேப் கோஸ்ட் கோட்டைக்கு ஒரு பக்கம் 150 கிலோமீட்டர். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பாவிட்டால் வழியிலுள்ள கசோவா ஊரின் நெரிசலில் பாதி நாள் போய்விடும்.

பட்டாசு வெடிக்க ஆசைப்படாதீர்கள். 'நாக்அவுட்' என்ற வெடிக்குத் தடை இருக்கிறது. தெருவில் பிள்ளைகள் வெடிப்பார்கள், விற்பார்கள். பிடிபடும் வெளிநாட்டவருக்கு நிலைமை வேறு.

31 இரவு ஆராதனைக்கு எல்லா ஆலயமும் நிரம்பும். ஒன்பது மணிக்கு முன் போனால் இடம். முடிந்து வெளியே வரும்போது பன்னிரண்டரை. அந்த நேரத்தில் செயலியில் வண்டி கிடைக்காது, கிடைத்தாலும் மூன்று மடங்கு. நடந்து திரும்பும் தூரத்தில் உள்ள ஆலயத்தைத் தேர்ந்தெடுங்கள், அல்லது அண்டை வீட்டாரின் காரில் இடம் கேளுங்கள். பெட்ரோலுக்கு என்று நீட்டினால் வாங்க மாட்டார்கள். மறுநாள் ஒரு தட்டு முறுக்கு அனுப்புங்கள்.